செக்ரோலில் பெயர் இருந்தது

1955 ஜூலை 27, புதன்கிழமை. மலாயாக் கூட்டரசின் முதல் பொதுத் தேர்தல். 52 தொகுதிகள், 129 வேட்பாளர்கள். துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான கூட்டணி 51 இடங்களை அள்ளிக்கொண்டது. மிஞ்சியது பேராக்கின் கிரியான் மட்டும். அது பாஸ் கட்சிக்குப் போனது. பள்ளி வரலாற்றுப் பாடத்துக்கு இது போதும். ஐம்பத்தொன்றும் ஒன்றும் என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும்.

அந்தத் தேர்தலைப் பற்றிப் படிக்கிற தமிழர் கேட்க வேண்டிய கணக்கு வேறு ஒன்று. வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அதில் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். சீனர்கள் 11 விழுக்காடு. இந்தியர்களையும் ‘மற்றவர்’களையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஐந்து விழுக்காடு தேறவில்லை. இரண்டு ஆண்டு கழித்து 1957இல் எடுத்த குடிமதிப்பில் நாட்டின் மக்கள்தொகை 62 லட்சத்துக்கு மேல். அதில் இந்தியர் ஏறக்குறைய 7 லட்சம். அதாவது நாட்டில் ஒன்பது பேருக்கு ஒருவர் இந்தியர். ஓட்டுச்சாவடி வரிசையில் இருபது பேருக்கு ஒருவர்கூட இல்லை.

மீதிப் பேர் எங்கே போனார்கள்? எங்கேயும் போகவில்லை. அன்றைக்கும் விடியற்காலை பெரட்டுக்கு வந்து நின்றார்கள். கங்காணி பெயர் கூப்பிட்டார், கிராணி செக்ரோலில் புள்ளி வைத்தார். யார் வந்தது, யார் வராதது, எந்த நிரையில் எத்தனை மரம், எத்தனை பவுண்டு பால், எவ்வளவு பிடித்தம் என்று தோட்டத்துச் செக்ரோலைப் போல மலாயாத் தமிழரைத் துல்லியமாகப் பதிந்து வைத்த ஏடு வேறு எதுவும் இல்லை. சம்பளம் கொடுப்பதற்கு நம் ஆட்களைத் தேடிப் பிடித்துப் பெயர் எழுதத் தெரிந்த ஒரு நாடு, ஓட்டுக்கு எழுதும்போது எப்படித் தவறவிட்டது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். நான் இருக்கும் மலாக்கா மாநிலத்தை வைத்தே பார்க்கிறேன். காரணம், சட்டப்படி பார்த்தால் மலாக்காத் தமிழர்கள் தவறிப்போயிருக்கவே கூடாது.

தஞ்சோங் கிளிங் என்ற ஊர்ப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கடலோரம், ஹங் துவா சமாதி என்று சொல்லப்படும் இடம், மாலையில் மீன் சுடும் வாசனை. ‘கிளிங்’ என்பது நம்மைக் குறித்த சொல். கலிங்கத்திலிருந்து வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். மலாக்கா சுல்தான்களின் காலத்திலேயே இந்தத் துறைமுகத்தில் கிளிங் வணிகர்கள் பெரிய கை. 1511இல் போர்த்துகீசியர் நகரைப் பிடித்ததும் நைனா சட்டு என்ற தமிழ் வணிகரைத்தான் பெண்டஹாராவாக அமர்த்தினார்கள். அந்தக் காலத்து வம்சாவளி என்று அறியப்படும் மலாக்காச் செட்டிகள் இன்றும் காஜா பேராங்கில் இருக்கிறார்கள்; பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனை. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. பின்னாளில் ‘கிளிங்’ வசைச்சொல்லாகிவிட்டது, அது வேறு கதை. இங்கே சொல்ல வருவது, ‘வந்தேறி’ என்ற சொல் மலாக்காவில் அவ்வளவு சுலபமாக ஒட்டாது என்பதை.

தோட்டத் தமிழரின் கதையும் ஒருவகையில் மலாக்காவிலேயே தொடங்குகிறது. மலாயாவில் முதன்முதலாக ரப்பரை வணிகப் பயிராக நட்டவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஆரம்பித்து, பிறகு புக்கிட் அசஹானில் பெரிதாகச் செய்தார். அதன்பின் அலோர் காஜா, ஜாசின் பக்கமெல்லாம் காடு அழிந்து பால்மரம் ஆனது. மரத்தைச் சீவ ஆள் வேண்டுமே. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் வந்தது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1948 பிப்ரவரியில் மலாயாக் கூட்டரசு உருவானபோது குடியுரிமை யாருக்கு என்று ஒரு விதி எழுதினார்கள். ஒன்பது மாநிலங்கள் சுல்தான்களுடையவை. பினாங்கும் மலாக்காவும் அப்படியல்ல, நேரடியாக பிரிட்டிஷ் மன்னரின் குடியேற்றங்கள். சுல்தானின் குடிமக்கள் தாமாகவே கூட்டரசுக் குடிமக்கள் ஆனார்கள். பினாங்கிலோ மலாக்காவிலோ பிறந்து கூட்டரசிலேயே நிரந்தரமாக வாழும் பிரிட்டிஷ் பிரஜைகளும் தாமாகவே குடிமக்கள். மற்ற மாநிலங்களில் பிறந்த பிரிட்டிஷ் பிரஜைக்கு அது போதாது. அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தொடர்ந்து 15 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். இது எதிலும் வராதவர்கள் விண்ணப்பம் போட வேண்டும். இங்கே பிறந்தவரென்றால் கடந்த 12 ஆண்டில் 8 ஆண்டு, வெளியே பிறந்தவரென்றால் 20 ஆண்டில் 15 ஆண்டு இங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். ஓரளவு மலாயோ ஆங்கிலமோ தெரிந்திருக்க வேண்டும். இதுதான் என் நிரந்தர இருப்பிடம் என்று உறுதியும் சொல்ல வேண்டும்.

இதன் விசித்திரத்தைப் புரிந்துகொள்ள வடக்கே புலாவ் செபாங் வரை போனால் போதும். புலாவ் செபாங் மலாக்கா, ஒட்டியே இருக்கும் தம்பின் நெகிரி செம்பிலான். தம்பின் பக்கத்து ஆட்கள் ரயில் ஏறுவதே புலாவ் செபாங்கில்தான். சடக்கைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும். அந்த எல்லைக்கு இந்தப் பக்கத்து லயத்தில் ஒரு பிள்ளை, அந்தப் பக்கத்து லயத்தில் ஒரு பிள்ளை. இரண்டு பேருக்கும் அப்பன் ஒரே கப்பலில் வந்தவனாகக்கூட இருக்கலாம். மலாக்காவில் பிறந்த பிள்ளைக்குப் பிறந்த இடமே போதும். தம்பினில் பிறந்தது அப்பனுடைய 15 வருஷத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். 1952இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பெற்றோரில் ஒருவர் இங்கே பிறந்திருந்தால் இங்கே பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை என்று வழி கொஞ்சம் அகலமானது. அதனால் உள்ளே வந்தவர்களில் கணிசமானோர் 21 வயது எட்டாத பிள்ளைகள். 55இல் அவர்களுக்கு ஓட்டு இல்லை. மலாக்கா, பினாங்குப் பிறப்புக்கு இருந்த சலுகை மட்டும் அப்படியே தொடர்ந்தது.

ஆகவே 1930 வாக்கில் மலாக்காத் தோட்டமொன்றில் பிறந்து இங்கேயே வளர்ந்த ஒரு தமிழர், 1955இல் குடிமகன். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பட்டியலில் பெயர் பதிந்திருந்தால் ஓட்டுப் போட்டிருக்கலாம். அந்தப் ‘பதிந்திருந்தால்’ என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் சிக்கியது.

முதல் சிக்கல் காகிதம். சூராட் பெரானாக் இருந்தால்தானே எங்கே பிறந்தோம் என்று காட்ட முடியும்? இருந்தவர்களுக்கும் பெயர்க் குழப்பம். பிறப்புச் சான்றில் ஒரு எழுத்து, செக்ரோலில் இன்னொரு எழுத்து, ஐசியில் மூன்றாவது. முனியாண்டி மூன்று காகிதத்தில் மூன்று ஆளாக இருப்பான். போதாக்குறைக்கு அந்த ஐசியே ஒரு மயக்கத்தைக் கொடுத்தது. 1948இல் அவசரகாலம் அறிவித்ததும் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படமும் கைரேகையும் வைத்து அடையாள அட்டை கொடுத்தார்கள். அது கம்யூனிஸ்டுகளைப் பிரித்தறிய வெள்ளைக்காரன் செய்த ஏற்பாடு, குடியுரிமைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. தோட்டத்தில் அப்படி யார் பிரித்துப் பார்த்தார்கள்? “அதான் ஐசி இருக்கே, அப்புறம் எதுக்கு இன்னொரு பேப்பரு?” என்ற கேள்வியை என் பாட்டி தலைமுறையில் பலர் வாயில் கேட்டிருக்கிறேன். நியாயமான கேள்விதான்.

இரண்டாவது சிக்கல் ஊர். ஊர் என்றால் கடல் தாண்டி இருந்த ஊர். 1950இல் இந்தியா குடியரசாகி, அங்கே ஒரு குடியுரிமை முளைத்தது. வெளிநாட்டு இந்தியர்கள் எந்த நாட்டுக்காரர் என்று தாங்களே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பது நேருவின் நிலைப்பாடு. டில்லியிலிருந்து பார்த்தால் தெளிவான பேச்சு. லயத்தில் இருந்தவர்களுக்கோ, இங்கே நிரந்தரமாக இருப்பேன் என்று உறுதி எழுதிக் கொடுத்தால் அங்கே இருக்கும் தாயைப் பார்க்கப் போக முடியுமா, கால் காணி நிலம் என்ன ஆகும் என்ற பயம். “எழுதிக் குடுத்தா அப்புறம் ஊருக்கு விட மாட்டானாம்ல” என்ற ஒற்றை வதந்தி போதும், விண்ணப்பத் தாள் மடித்தபடியே கிடக்கும். இதை அறியாமை என்று எழுதிவைத்த ஆய்வாளர்கள் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. பத்து வருஷத்துக்குள் ஜப்பான்காரன் ஆட்சியையும், சயாம் மரண ரயிலையும், திரும்பி வந்த வெள்ளைக்காரனையும், அவசரகாலத்தையும் பார்த்த ஒருவர், எந்த அரசாங்கம் நீட்டும் தாளிலும் சட்டென்று கைநாட்டு வைக்கமாட்டார். அது அனுபவம் தந்த எச்சரிக்கை.

மூன்றாவதாக, எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். போருக்குப் பிறகு தோட்டத்துக்குள் நுழைந்து ஆட்களைக் கூட்டிப் பேசத் தெரிந்தவர்கள் தொழிற்சங்கக்காரர்கள். 1948 ஜூனில் அவசரகாலம் வந்ததோடு அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனம் முடக்கப்பட்டது. அதன் தலைவராயிருந்த எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முதல் நாள்தான் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். எத்தனையோ பேர் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அரசு ஏற்றுக்கொள்ளும் வகையில், பி.பி. நாராயணன் போன்றவர்கள் கட்டியெழுப்பிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல்தான் ஒன்றிணைந்தது. அதே ஆண்டின் கடைசி மாதங்களில்தான் வாக்காளர் பதிவும் நடந்தது. ஆக, பெயர் பதிய வேண்டிய நேரத்தில் பழைய ஆட்கள் கல்லறையிலும் கடலுக்கு அப்பாலும், புதிய ஆட்கள் அலுவலகம் தேடிக்கொண்டும் இருந்தார்கள்.

மலாக்காவுக்கு இதில்கூட ஒரு சலுகை இருந்தது. 1953 செப்டம்பரில் மலாயாவிலேயே முதல் ‘வெள்ளைப் பகுதி’யாக அறிவிக்கப்பட்டது மலாக்காவின் கடலோரப் பகுதிதான். ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் மற்ற இடங்களுக்கு முன்பே இங்கே தளர்ந்தன. முள்வேலிக்குள் கூட்டம் போட முடியாத பேராக், ஜொகூர்த் தோட்டங்களைவிட இங்கே வந்து பேசுவது எளிது. வரத்தான் யாரும் இல்லை.

ம.இ.கா. என்ன செய்தது? 1946இல் ஜான் திவியால் தொடங்கப்பட்ட அந்தக் கட்சி, முதல் பல ஆண்டுகள் இந்திய தேசியத்தின் மலாயாக் கிளை போலத்தான் பேசியது. 1952 கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் டத்தோ ஓன் ஜாபாரின் பக்கம் நின்று, அம்னோவும் ம.சீ.ச.வும் சேர்ந்த அணியிடம் தோற்றது. அந்த அணியில் ம.இ.கா. சேர்ந்தது 1954 அக்டோபரில். தலைவராயிருந்த கே.எல். தேவாசர் பஞ்சாபி, தமிழ்த் தொழிலாளர்களுக்கும் அவருக்கும் இடையே நிறைய தூரம். 1955 மே மாதத்தில் தலைமை வி.தி. சம்பந்தனிடம் வந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், வேட்டி கட்டித் தமிழில் பேசக்கூடியவர். சரியான ஆள்தான். ஆனால் வாக்காளர் பதிவு முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. வேட்பு மனுத் தாக்கலுக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

இனி, அந்த 51இல் இரண்டைப் பற்றி. கூட்டணி நிறுத்திய 52 பேரில் 35 பேர் அம்னோ, 15 பேர் ம.சீ.ச., 2 பேர் ம.இ.கா. வாக்காளரில் 84 விழுக்காடு மலாய்க்காரர்களாக இருக்கும்போது 17 இடங்களை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அம்னோவுக்குள்ளேயே முணுமுணுப்பு. துங்கு விடாப்பிடியாக நின்றார். சம்பந்தன் பேராக்கின் கிந்தா உத்தாராவிலும், யாழ்ப்பாண வம்சாவளியினரான எஸ். செல்வசிங்கம் மெக்கின்டயர் ஜொகூரின் பத்து பகாட்டிலும் வென்றார்கள். பாய்மரக் கப்பல் சின்னத்துக்கு விழுந்த ஓட்டு அது. 52 தொகுதிகளில் இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் மலாய் வாக்காளர்களே பெரும்பான்மை. இந்தியர் பெரும்பான்மையாக இருந்த தொகுதி ஒன்றுகூட இல்லை, இன்றுவரை இல்லை. மலாக்காவுக்கு மொத்தமே இரண்டு தொகுதிகள்தான். பேராக்குக்குப் பத்து, ஜொகூருக்கு எட்டு. இங்கிருந்து ஓர் இந்தியரை நிறுத்தும் பேச்சுக்கே இடமில்லை.

இதை இரண்டு விதமாகச் சொல்லலாம். மலாய் வாக்காளர்கள் இனம் பார்க்காமல் ஓட்டுப் போட்டு ஒரு தமிழரைச் சபைக்கு அனுப்பினார்கள் என்பது ஒன்று. அது உண்மை, பெருமையாகவும் சொல்லலாம். எல்லா இனத்துக்கும் பொதுவான கட்சி என்று கிளம்பிய டத்தோ ஓனின் நெகாரா கட்சி 30 இடங்களில் நின்று ஒன்றில்கூட வெல்லவில்லை, அவரே ஜொகூர் பாருவில் தோற்றார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் துங்குவின் கணக்கு எவ்வளவு கூர்மையானது என்று தெரியும். இன்னொரு விதம் இது: தோட்டத் தமிழருக்கு ஓட்டு வருவதற்கு முன்பே பிரதிநிதி வந்துவிட்டார். சம்பந்தன் துங்குவின் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சர் ஆனார். எந்தத் தொழிலாளருக்காக அமைச்சரோ அவர்களில் பெரும்பாலோர் அவருக்கு ஓட்டுப் போட்டிருக்கவும் முடியாது, எதிர்த்துப் போட்டிருக்கவும் முடியாது. அவருடைய இருக்கை கூட்டணி மேசையில் தரப்பட்டது. அந்த மேசையில் மரியாதை இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு. நம்மவர்களின் அரசியல் பல பத்தாண்டுகள் ‘கேட்டு வாங்குவது’ என்ற வினையிலேயே ஓடியதற்கு அந்தத் தொடக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சம்பந்தன்மேல் குறை சொல்லவில்லை. கையில் சீட்டே இல்லாமல் ஆட உட்கார்ந்தவர் அவர்.

சிறிய நாடுகளில் இப்படி நடப்பது புதிதல்ல. ஐரோப்பாவில் லீக்டன்ஸ்டைன் என்று ஒரு குட்டிச் சிற்றரசு. நாடாளுமன்றத் தேர்தல்களை ஒழுங்காக நடத்திக்கொண்டுதான் இருந்தார்கள், 1984 வரை பெண்களுக்கு ஓட்டே இல்லாமல். மொனாக்கோவில் இன்றும் வசிப்பவர்களில் நான்கில் ஒரு பங்கினர்தான் குடிமக்கள். தேசிய மன்றத்துக்கு அவர்கள் மட்டும்தான் ஓட்டுப் போடுவார்கள். மொனாக்கோவில் ஓட்டில்லாத வெளிநாட்டவர்களில் பலர் வருமான வரி இல்லை என்பதற்காக வந்து தங்கிய பணக்காரர்கள், அவர்களுக்கு அது ஒரு குறையாகப் படாது. பால் வாளி தூக்கியவர்களோடு அவர்களை ஒப்பிட எனக்கு மனமில்லை.

சரியான ஒப்பீடு இலங்கை. அங்கே மலையகத் தமிழர்களுக்கு முதலில் ஓட்டு இருந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவிலிருந்து நாடாளுமன்றம் போனார். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம், 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். 1952 தேர்தலில் அவர்களுக்கு ஓர் இடமும் இல்லை. ஏழு பேரை அனுப்பியதுதான் அவர்கள் செய்த குற்றம் என்று சொல்லத் தோன்றுகிறது. பிறகு 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மலாயாவில் நடந்தது தலைகீழ்: முதலில் ஓட்டு இல்லை, பிறகு வந்தது. 1955இல் இந்தியர்கள் ஒரு தரப்பாகக்கூடக் கண்ணில் படாததால் யாருக்கும் பயம் வரவில்லை, அதனால்தான் 1957இல் கதவைத் திறப்பதற்குப் பெரிய எதிர்ப்பு அவர்களைக் குறிவைத்து எழவில்லை என்று வாதிட இடமுண்டு. சீனர்களைப் பற்றித்தான் சண்டை நடந்தது. கதவு திறந்தபோது நாமும் நுழைந்தோம்.

அந்தக் கதவு திறந்த விதமும் மலாக்காவோடு சம்பந்தப்பட்டது. லண்டன் பேச்சுவார்த்தை முடிந்து திரும்பிய துங்கு, 1956 பிப்ரவரி 20இல் விடுதலைத் தேதியை அறிவித்தது பண்டார் ஹிலிர் திடலில். அடுத்த ஆண்டு ஆகஸ்டு 31. அன்றிலிருந்து இந்த மண்ணில் பிறக்கும் பிள்ளைக்குப் பிறப்பாலேயே குடியுரிமை என்று அரசியலமைப்பில் எழுதினார்கள். அதற்கு முன் பிறந்தவர்களுக்கும் வழி விட்டார்கள்: இங்கே பிறந்து, 18 வயதாகி, கடந்த ஏழு ஆண்டில் ஐந்து ஆண்டு இங்கே வாழ்ந்திருந்தால் பதியலாம், முதல் ஓராண்டுக்குள் வந்தால் மலாய் மொழித் தேர்வும் கிடையாது. அந்த ஓராண்டில் ஓட ஆரம்பித்தவர்கள் பலர். கட்சிக்காரர்கள், சங்கக்காரர்கள், தமிழ்ப் பள்ளி வாத்தியார்கள் என்று ஒவ்வொரு லயமாக ஏறி இறங்கினார்கள். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசை வைத்துக்கொண்டு, தமிழரே, குடியுரிமைக்குப் பதியுங்கள் என்று இயக்கமாகவே நடத்தினார். கூட்டரசில் அந்த ஓராண்டில் எல்லா இனத்தவரும் சேர்ந்து ஏறத்தாழ 10 லட்சம் பேர் குடியுரிமை பெற்றார்கள்.

பலன் 1959 ஆகஸ்டு 19இல் தெரிந்தது. இப்போது 104 தொகுதிகள். வாக்காளரில் மலாய்க்காரர் பங்கு 84இலிருந்து ஐம்பதுகளின் நடுவுக்கு இறங்கியிருந்தது. இந்தியர் ஏழு விழுக்காட்டை ஒட்டி ஏறியிருந்தார்கள். கூட்டணி 74 இடங்கள் பெற்றது, ஆனால் ஓட்டு 80 விழுக்காட்டிலிருந்து 52க்கு விழுந்தது. மலாக்கா நகரத்தில் மலாயன் கட்சியின் டான் கீ காக் கூட்டணியைத் தோற்கடித்தார். எனக்கு இதில் சுவாரஸ்யமாகப் படுவது ம.இ.கா.வுக்கு வெளியே வென்ற தமிழர்கள். 1955இல் தோற்ற டி.ஆர். சீனிவாசகம் ஈப்போவிலும், அவர் அண்ணன் எஸ்.பி. சீனிவாசகம் மெங்ளம்புவிலும் மக்கள் முற்போக்குக் கட்சிக்காக வென்றார்கள். தொழிற்சங்கவாதி வி. டேவிட் சோசலிஸ்ட் முன்னணி சார்பில் பங்சாரில் வென்றார். நான்கு ஆண்டுக்கு முன் நினைத்துப் பார்த்திருக்க முடியாது. கூட்டணி மேசையில் கேட்டு வாங்காமல், தெருவில் பேசி ஓட்டு வாங்கிய தமிழ் அரசியல்வாதி என்ற ஓர் இனமே அந்த ஆண்டுதான் பிறந்தது.

எல்லாரும் உள்ளே வந்துவிடவில்லை. அந்த ஓராண்டு போனபின் மொழித் தேர்வு வந்தது. சான்றிதழ் இல்லாதவர், பெயர் பொருந்தாதவர், ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்றவர், ஊருக்குப் போய்த் திரும்பி வந்தவர் என்று ஒரு கூட்டம் வெளியே நின்றது. பிறகு அடையாள அட்டைக்கு நிறம் வந்தது: குடிமகனுக்கு நீலம், மற்றவருக்குச் சிவப்பு. என் பாட்டி மலாக்காத் தோட்டத்தில் பிறந்தவர், மலாக்காவிலேயே இறந்தவர். முப்பது வருஷம் அவர் கையில் இருந்தது சிவப்பு ஐசி. பிறப்பைப் பதிந்த ஏட்டில் அவருக்கு வேறு பெயர். வீட்டில் கூப்பிட்ட பெயர்தான் ஐசியில் ஏறியிருந்தது. இரண்டும் ஒரே ஆள் என்று சொல்ல உயிரோடு யாரும் இல்லை. “நான் எங்க பொறந்தேன்னு எனக்குத் தெரியாதாய்யா?” என்று கேட்பார். தாத்தாவுக்கு நீலம். தேர்தல் நாளில் அவர் வேட்டி மாற்றிக்கொண்டு கிளம்புவார், பாட்டி வாசல்வரை வந்து நின்றுகொள்வார். செக்ரோலில் மட்டும் அவர் பெயர் ஒருநாளும் விட்டுப்போனதில்லை.

நிறத்தின் விலை 1969இல் தெரிந்தது. முந்திய ஆண்டு இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்றானது. மே கலவரத்துக்குப் பிறகு அது கறாராக நடைமுறைக்கு வந்தது. பெர்மிட் கிடைத்தவர்களுக்கும் அது கொஞ்ச காலத்துக்குத்தான். கிடைக்காதவர்கள் சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு, தட்டுமுட்டுச் சாமான்களைப் பெட்டியில் கட்டி ரஜூலா கப்பலுக்கு வரிசையில் நின்றார்கள். பல்லாயிரம் பேர் போனார்கள். அவர்களில் சிலருக்கு நாகப்பட்டினம், பெற்றோர் சொல்லிக் கேட்ட ஒரு பெயர் மட்டுமே. பிறந்தது அலோர் காஜாவிலும் ஜாசினிலும்.